பதினைந்து இருபது

ஞானஸ்நானத்தில் எனக்கு விழுந்த பெயர் தொரிபியோ.
அம்மா வைத்தது ஏழு மழை,
நான் பிறந்த நாளின் பெயர்.
படைப் பட்டியலில் இரண்டுமே இல்லை.
பட்டியலில் முதலில் குதிரைகள், பிறகு ஆடுகள்,
கடைசி வரியில் வெறும் எண்ணாக நாங்கள்,
மெக்சிக்கோவிலிருந்து சுமந்து நடந்த கூட்டாளிகள்.

பெரிய ஆற்றங்கரையில் பனி
கணுக்காலைத் தாண்டிவிட்ட நாளில்
அந்த மண்சுவர் ஊருக்கு முன்னால் நின்றோம்.
வீட்டின்மேல் வீடு, ஏணிமேல் ஏணி,
தரையில் கதவே இல்லை.
தங்கம் எங்கே, தங்கம் எங்கே என்று
கோடை முழுக்கக் கேட்டு அலுத்த
கேப்டன் லோப்பே தெ அரியாகா
அன்று குளிரைப் பற்றி மட்டும் பேசினான்.
"போர்வை. முந்நூறு. பொழுது சாய்வதற்குள்."

எங்கள் கணக்கில் அது பதினைந்து இருபது.
ஓர் ஆளுக்கு இருபது விரல்.
பதினைந்து பேர்
கைவிரல் கால்விரல் ஒன்றுவிடாமல் விறைத்துப்போனால்
முந்நூறு.

"நீ போய்ச் சொல்" என்றான் என்னிடம்.
என் தோலும் அவர்கள் தோலும் ஒரே நிறம்,
பேச்சும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது அவன் எண்ணம்.

முந்தின நாள்
ஒருவன் என்னை ஏணியில் ஏறவிட்டிருந்தான்.
நெசவுக்காரன். அங்கே தறி ஆண்களுடையது.
மீசையில்கூடப் பஞ்சு.
உள்ளே வரிசையாக மூன்று அரைகற்கள்:
முதல் கல் மக்காச்சோளத்தை உடைக்கும்,
அடுத்தது நொறுக்கும்,
மூன்றாவதிலிருந்து வருவது மாவல்ல, மகரந்தம்.
வாசலில் யாரோ குழல் ஊதினான்;
குழல் இழுத்த பக்கம் போய் வந்தன
மூன்று பெண்களின் தோள்கள்.
கல்லோடு கல் உரசும் அந்தச் சத்தத்தை
எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.
எங்கள் நகரம் எரிந்தபோது எனக்கு நான்கு வயது.
அதற்கு முந்தின இரவுவரை
நான் தூங்கியது அந்தச் சத்தத்தில்.

என் மார்பைத் தொட்டு, பெயர் என்ன என்று கேட்டான்.
விரல்களை மேலிருந்து கீழே உதிர்த்துக் காட்டினேன்,
ஏழு முறை.
அவன் சிரிக்கவில்லை.
பெண்களிடம் ஏதோ சொன்னான்; கற்கள் நின்றன.
வறண்ட ஆண்டில் ஒற்றை மேகத்தைப் பார்ப்பதுபோல
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
தன் பெயரையும் சொன்னான்.
இரண்டு முறை சொல்லியும் என் நாக்கில் நிற்கவில்லை.

இன்று அதே ஏணியின் அடியில்
"கொடு" என்பதற்கு என்னிடம் இருந்தது ஒரே சைகை:
தோளிலிருந்து எதையோ உருவுவது.
"தயவுசெய்து" என்பதற்குச் சைகை தெரியாது.
"திருப்பித் தருவோம்" என்பதற்குத் தெரியும்.
செய்யவில்லை.

முதல் இருபது மடித்து வந்தது.
இரண்டாவதைக் கூரையிலிருந்து வீசினார்கள்.
அதற்குமேல் வீரர்களுக்குப் பொறுமை இல்லை,
உடம்புகளிலிருந்தே உரித்தார்கள், சூடு ஆறாமல்.
தன் பங்குக்கு வந்த கந்தல் பிடிக்காத ஒருவன்
நல்லதாக ஒன்றைத் தேடிப் போனான்,
ஓரத்தை நெருடிப் பார்த்து,
சந்தையில் துணி எடுப்பவனைப் போல.

ஒன்பதாவது இருபதில் அவன் வந்தான்.
வெள்ளைப் பருத்தி, கறுப்புக் கரை.
யாரும் தொடுமுன் தானே கழற்றினான்.
குவியலில் போடாமல்
என் தோளில் போர்த்தினான்.
விரல்களை மேலிருந்து கீழே உதிர்த்தான்,
ஒரே ஒரு முறை.
என் பெயரைச் சொன்னானா,
பெய்துகொண்டிருந்த பனியைச் சொன்னானா,
இல்லை, பெயருக்குத் தகுந்தவனாய் இரு என்றானா.
கேட்கச் சைகை தேடுவதற்குள்
வெற்றுத் தோளோடு ஏணியில் பாதி ஏறிவிட்டான்.

இருட்டும் நேரம் கேப்டன் எண்ணினான், மறுபடி எண்ணினான்.
"ஒன்று குறைகிறது."
என் தோளைப் பார்த்தான்.

கணக்குச் சரியாயிற்று.

அன்றிரவு ஏணிகளை ஒவ்வொன்றாக மேலே இழுத்தார்கள்.
குதிரைக் கொட்டகை ஓரம் படுத்து
கல் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.
குதிரைகள்தான் இருமின.
விடிகாலையில் யாரோ ஒரு வீரன்
கறுப்புக் கரை வைத்த வெள்ளையில்
கத்தியைத் துடைத்துக்கொண்டு போனான்.
ரொட்டி வெட்டிய கத்திதான்.
அதுவரை.